கலுங்கு பார்த்த ஆபீசர்

எதையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற புத்தியை எனக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. கொடுத்தவர் நன்றாக இருக்கட்டும். வெளியூர்க் கல்யாணம் என்றால் முதல் நாளே போய் மண்டபத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முந்தின வாரமே போய் டாக்டர் உட்காரும் அறை எது என்று விசாரித்துவிட்டு வருவேன். (விசாரிக்கப் போன இடத்தில் காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்ததும் உண்டு.) இந்தப் புத்தியால் எனக்கு மிஞ்சியது களைப்பு ஒன்றுதான். அதில் பெரிய களைப்பை இங்கே இறக்கி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இன்னும் சரி. அப்பா ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர். திட்ட மாட்டார். காலையில் பேப்பரில் வேலைவாய்ப்பு விளம்பரம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். இதற்கு நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருக்கும்.

அந்த ஆவணியில் எங்கள் சபை வாலிபர் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. சங்கச் செயலாளர் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். வெளிநாட்டில் ஒரே நாளில் நிற்காமல் நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு மலையேறி ஓடுகிறார்களாம். அவர்களுக்குக் கடல் இருக்கிறது. எங்களுக்கு அந்த வருடம் குடிக்கவே தண்ணீர் இல்லை. அதனால் டவுனுக்கு வெளியே ஒரு பம்புசெட் கிணற்றில் சுவரை ஒட்டி நாற்பது சுற்று நீச்சல். அப்புறம் சைக்கிளில் திருச்சுழி வழியாக நரிக்குடிப் பாதையில் ஒரு கிராமம் வரை போய், திருச்சுழிக்குத் திரும்பி, மறுபடியும் அதே கிராமம். அங்கே கண்மாய்க் கரையோடு ஓடி, பக்கத்துப் பாறைக் குன்றில் ஏறி இறங்கி வர வேண்டும், மூன்று தடவை. (வண்டியில் போகிறவர்களுக்கு அந்தக் குன்று கண்ணிலேயே படாது. மூன்றாம் தடவை ஏறுகிறவனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.)

சபையில் ஒருவர் நூற்பாலை மேனேஜர். மில்லுக்கு விளையாட்டுக் குழு சேர்த்துக்கொண்டிருந்தார். முதலில் வருகிறவனுக்கு, ஆட்கள் வருகை குறிக்கிற டைம் ஆபீஸில் வேலை என்று ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அப்பா என்னைப் பார்த்து, “உக்காந்து கிடைக்காத வேலை ஓடியாவது கிடைக்குதான்னு பாரு” என்றார். இரண்டு வருடத்தில் அவர் என் வேலையைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

மற்ற பத்துப் பேரும் பயிற்சி செய்தார்கள். நான் பாதையைப் பார்க்கப் போனேன்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை. கூட என் சிநேகிதன் துரைராஜ், என் சைக்கிள் கேரியரில். வெளியூர் போகிறோமே என்று பேண்ட் போட்டு, முழுக்கைச் சட்டையை உள்ளே செருகி, அப்பாவின் வெயில் தொப்பியை வைத்திருந்தேன். கையில் நீள நோட்டு. துரைராஜ் கையில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும், ஒரு டப்பா சுண்ணாம்பும். ஓடும்போது இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று தெரிய வேண்டாமா? கரையை அளந்து, நூறு முழத்துக்கு ஒரு முறை கல்லிலோ மரத்திலோ எண் போடுவது என் திட்டம்.

வறண்ட கண்மாயில் தொப்பி போட்ட ஒருவன் கயிறு பிடித்து அளந்து, கருவேல மரத்தில் சுண்ணாம்பால் எண் போட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: சர்க்கார் ஆபீசர். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு உறைக்கவில்லை. ஏழாம் எண்ணைப் போட்டு நிமிர்ந்தபோது சுற்றி இருபது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் கருப்பையா. அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பிரித்து விடுவது அவர் பொறுப்பு. மூன்று வருடமாகப் பிரிக்கத் தண்ணீர் இல்லாமல் பொறுப்பு மட்டும் இருந்தது.

ஜீப்பில் வரவில்லையா என்று மரியாதையாக விசாரித்தார். துரைராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஜீப்பு ரிப்பேருங்க” என்றான். விளையாட்டுக்காம்.

நான் அதற்கெல்லாம் வந்தவனில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “சார், கலுங்கு உடைஞ்சு மூணு வருசமாச்சு. மழை பேஞ்சாலும் மிச்சத் தண்ணி மட்டுமில்லாம மொத்தமும் அதுவழியாப் போயிருது. இதை எழுதிக்கிருங்க.”

சார். இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்காக நோட்டைத் திறந்தேன். கலுங்கு என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்தேன்.

அப்புறம் எனக்கு விடுதலை இல்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கைக் காட்டினார்கள். உடைப்பு எத்தனை முழம் என்று துரைராஜ் கயிறு பிடித்தான். மடையைக் காட்டினார்கள். தண்ணீர் வருகிற கால்வாய் எங்கே மண்மேவிக் கிடக்கிறது என்று பார்க்கக் குன்றின் மேல் கூட்டிப் போனார்கள். உச்சியிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று அடுத்த குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்க வந்தவன், மத்தியானத்துக்குள் ஐந்து தடவை ஏறி இறங்கினேன். தொடை இரண்டும் என்னுடையவையா என்று சந்தேகம் வந்தது. பிறகு நாற்காலி வந்தது, கலர் பாட்டில் வந்தது, நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. அந்தப் பஞ்சத்தில் யார் வீட்டுக் கோழியோ. அது தொண்டையில் இறங்கும்போது வந்த குற்ற உணர்ச்சியை மறுசோறு வாங்கிச் சமாளித்தேன்.

எதிர்காற்றில், துரைராஜைச் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். நாலு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அப்பா தைலம் தேய்த்துவிட்டார். பாதை எப்படி என்று கேட்டார். ரொம்ப நல்ல ஜனங்கள் என்றேன்.

போட்டி அன்று நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கிணற்றிலிருந்து ஐந்தாவதாக ஏறினேன். சைக்கிளில் மூன்றாவது. ஓட்டத்தில், இரண்டாவது சுற்று முடியும்போது நான் முதல் ஆள். கர்த்தர் கிருபையோ, கோழிக் குழம்போ தெரியாது. மற்றவர்களுக்குப் பாதை தெரியவில்லை, எனக்கு என் சுண்ணாம்பு எண்கள் வழி சொல்லின. இன்னும் ஒரே ஒரு சுற்று. டைம் ஆபீஸ் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் கலுங்குக்குப் பக்கத்தில் ஊரே நின்றது. முதல் இரண்டு சுற்றிலும் தொப்பி இல்லாத என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பனியனும் அரை டிராயருமாக, நெஞ்சில் நாலாம் நம்பர் குத்தி ஓடி வந்த எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. இரண்டு பேர் மரியாதையாக என் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கருப்பையா கையில் ஊர்க்காரர்கள் கைரேகை வைத்த வெள்ளைத் தாள்.

“ஓடுங்க சார், வேணாங்கலை,” என்றார் அவர். “கலுங்குக்கு எப்ப ஆளு வாராக? அதை மட்டும் சொல்லிட்டு ஓடுங்க.”

அடுத்த மாசம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு ஓடியிருந்தால் வேலை எனக்கு. நான் சொல்லவில்லை. உடனே என்னை உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லக் கொஞ்சம் மூச்சு வேண்டும், அது என்னிடம் இல்லை. விக்கி விக்கி உண்மைதான் வந்தது.

“நான் ஆபீசர் இல்லைங்க. எனக்கு வேலையே கிடையாது. இந்த ஓட்டத்துல ஜெயிச்சாத்தான் வேலை.”

முழங்கைகளை விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் என்னைத் தாண்டிப் போனான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் போனான். நானும் போயிருக்கலாம். கருப்பையா என்னை அடித்திருந்தால் போயிருப்பேன். அவர் கேட்டது இவ்வளவுதான்:

“அப்ப அன்னைக்கு நோட்டுல எழுதுனீகளே, அதை என்ன செஞ்சீக?”

மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாலையோடு அழுகிற மனிதனை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கலரை உடைத்துக் கொடுத்தார்கள். பதினோரு பேரில் ஒன்பதாவதாக, நடந்து போய்ச் சேர்ந்தேன். டைம் ஆபீஸ் வேலைக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் மகன் போனான்.

அந்த வாரமே நோட்டை எடுத்து மனு எழுதினேன். வேறு வேலை இல்லை என்பது ஒரு காரணம். அந்தக் கேள்வி தூங்க விடவில்லை என்பது இன்னொரு காரணம். உடைப்பு இத்தனை முழம், கரை இத்தனை முழம், கால்வாய் மேவிய இடம் ஏழாம் எண் கருவேல மரத்துக்கு நேர் கிழக்கே என்று எல்லாம் துல்லியமாக இருந்தது. அப்பா வாசித்து இரண்டு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். மறுநாள் காலை பேப்பரை மடிக்காமல் வைத்திருந்தார். அன்று நான் சாப்பிட்ட இட்லிக்குக் கணக்கே இல்லை.

நானும் கருப்பையாவும் அந்த மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். குன்று எவ்வளவோ தேவலை. கடைசியில் நிஜ ஓவர்சியர் நிஜ ஜீப்பில் வந்தார். மரத்தில் என் சுண்ணாம்பு எண்களைப் பார்த்துவிட்டு, முன்னால் வந்த அதிகாரி போட்டது போலும் என்று அங்கிருந்தே அளக்க ஆரம்பித்தார். கருப்பையா அவரைத் திருத்தவில்லை. மறுவருடம் கலுங்கு புதிதாக எழும்பி நின்றது. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அதற்கும் பக்கத்து ஊர்க்காரர்கள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு மனு எழுத உட்கார்ந்தவன், முப்பது வருடமாக அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் நான் எதையாவது முன்கூட்டிப் பார்க்கக் கிளம்பினால், “ஆபீசர் கலுங்கு பார்க்கப் போறாக” என்பார்கள். போன மாசம் மகள் கல்யாணத்துக்காகக் காரியாபட்டியில் ஒரு மண்டபம் பார்க்கப் போனோம். சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை பந்தி போடலாம் என்று குறிக்க நோட்டை எடுத்தேன். மூலையில் இருந்த வாட்ச்மேன் என்னையும் நோட்டையும் பார்த்தார். எழுந்து வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“சார், பின்பக்கம் குழாய் உடைஞ்சு ஒரு மாசமாச்சு.”

என் மனைவி, “எழுதிராதீக” என்று பேனாவைப் பிடுங்கினாள். அதற்குள் நான் தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தேன்.