செம்பருத்திக் குச்சிகளை இழுத்துப் பார்த்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அக்கா பக்கத்தில் இருந்தால், கரண்ட் பில்லைப் படிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையை அகலப்படுத்த உங்கள் வீட்டை இடித்தபோது அக்கா வீட்டுக்காக அழவில்லை, வாசலில் நின்ற மஞ்சள் அடுக்குச் செம்பருத்திக்காகத்தான் அழுதாள் என்பது தாங்கள் அறிந்ததே. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வைத்த செடி. இயந்திரம் வருவதற்குள் கிளைகளை நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, "இந்த வாடகை வீட்டுல வெயிலே இல்லடா. நீ வேர் புடிக்க வச்சுக் குடு, புது வீட்டு பால்கனியில வச்சுக்கறேன்" என்று எனக்கு அனுப்பிவைத்தாள். போனில் ஆறு குச்சி என்றாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். வேறு யாராவது அனுப்பியிருந்தால் அன்றைக்கே புகார் எழுதியிருப்பேன், அக்கா என்பதால் விட்டுவிட்டேன்.

குச்சி நடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை அத்தான். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, வெயில் நேராகப் படாத ஜன்னலோரமாக வைத்தேன். வினை எதிர் வீட்டு நர்சரிக்காரர் வாயிலிருந்து வந்தது. "வேர் விட்டுச்சான்னு தெரியணும்னா லேசா இழுத்துப் பாருங்க சார், வரலேன்னா புடிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார். யாரிடம் போய் எதைச் சொல்கிறார் பாருங்கள்! பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை, பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, வராவிட்டால் முத்திரை குத்துவதுதான் என் வேலை. 'இழுவை' என்றுதான் அங்கே எனக்குப் பெயர். மறுநாள் காலையிலேயே இழுத்தேன், வந்துவிட்டது. திரும்ப ஊன்றினேன். சாயங்காலம் மனசு கேட்கவில்லை, இழுத்தேன், வந்துவிட்டது. இப்படியே முதல் மூன்றும் கறுத்துப்போயின. நான்காவதின் அடியில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. வேரா தூசியா என்று உறுதி செய்யாமல் எப்படி விடுவது? கைக்குட்டையால் துடைத்தேன். வேர்தான். கைக்குட்டையோடு வந்துவிட்டது.

இதற்கிடையில் அக்கா விடாமல் போன் செய்கிறாள். "துளிர் விட்டுச்சாடா?" என்று அவள் கேட்கிற குரலுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விட்டுச்சு என்றேன். "எத்தனை இலை?" மூணு என்றேன். இங்கே தொட்டியில் குச்சி வாட வாட, போனில் செடி தளதளவென்று வளர்ந்துவிட்டது. போன வாரம், "மொட்டு வந்திருக்கணுமே?" என்றாள். வந்துவிட்டது என்று சொல்லித் தொலைத்தேன். "அப்படின்னா ஞாயித்துக்கெழமை நாங்க வந்து எடுத்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றால் தொட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கிறேன். ஐந்தாவது குச்சி நேற்றுவரை பச்சையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டுமே என்று... தாங்களே ஊகித்திருப்பீர்கள்.

என் மனைவியிடம் ஆறுதல் தேடினால், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்க கொஞ்சம் மறந்து தொலைச்சிருந்தா அது பாட்டுக்கு வளர்ந்திருக்கும்" என்கிறாள். அத்தான், என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் என்னிடம் இதுவரை கேட்டது இந்த ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வரும் வழியில் தாங்கள் பக்குவமாகச் சொல்லி, அழவேண்டியதை வண்டியிலேயே அழவைத்துக் கூட்டிவாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம். அதை இப்போது சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புக்குரிய,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டபோது என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆறாவது குச்சி அவளுடைய தையல் கடை ஜன்னலில் இருக்கிறதாம், மொட்டோடு. "ஒண்ணை மட்டும் அவன் கண்ணுல படாம எடுத்து வை, அவரை விதை போட்டாலே தோண்டித் தோண்டிப் பாக்கறவன் அவன்" என்று அக்காதான் முதல் நாளே சொன்னாளாம். இலை எத்தனை, மொட்டு எப்போது என்பதெல்லாம் இவள் சொல்லித் தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள். தங்களுக்கும் எல்லாம் தெரியுமாம். இருக்கட்டும். எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது, சாப்பிடவும் போகிறேன். ஆனால் அத்தான், மொட்டு விட்டதாலேயே வேர் பிடித்துவிட்டது என்று எப்படி நம்புவது? கடைச் சாவியை இவள் தர மறுக்கிறாள். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுங்கள். லேசாக, ஒரே ஒரு தடவை.