லைன் நாலில் நாற்பத்தைந்தாயிரம் ரிஜெக்ட்

சுலபமான வேலையைச் சுலபமாகச் செய்து முடிப்பது எனக்கு அவமானமாகப் பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. காட்பாடியில் ஒரு சின்ன வெப் டிசைன் ஆபீஸில் வேலை. விசிட்டிங் கார்டில் என் பெயருக்குக் கீழே ‘கிரியேட்டிவ் டிசைனர்’ என்று இருக்கும் (கார்டை அடித்துக்கொண்டது நானேதான், ஆபீஸில் யாரும் கேட்கவில்லை).

வீடு ஜோலார்பேட்டையில். அப்பாவுக்கு ரயில்வே வேலை. காலை பாசஞ்சரில் நானும் செல்வி அக்காவும் ஒன்றாக ஏறுவோம். அக்கா ஆம்பூரில் இறங்கி ஷூ ஃபேக்டரிக்குப் போவாள். நான் காட்பாடி வரை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, என் எதிர்காலத்தைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டே போவேன். அக்கா அங்கே நாலாவது லைனுக்கு லீடர். ஷூவின் மேல்பகுதியை, அவர்கள் பாஷையில் ‘அப்பரை’, தைக்கிற லைன் அது.

ஒருநாள் அக்காவின் ஃபேக்டரியிலிருந்தே எங்கள் ஆபீஸுக்கு வேலை வந்தது. அவர்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஒவ்வொரு லைனிலும் தினம் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகிறது என்பதைத் தன் ஊரில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது. அதற்கு வெப்சைட்டில் ஒரு பக்கம். அந்தப் பக்கம் திருப்தியாக இருந்தால் புது ஆர்டர். புது ஆர்டர் வந்தால் ஆறாவது லைன் திறப்பார்கள். ஆறாவது லைன் திறந்தால் அக்கா சூப்பர்வைசர். வீட்டில் அம்மா ஏற்கெனவே அக்காவைச் சூப்பர்வைசராகவே நடத்த ஆரம்பித்திருந்தாள். சாம்பாரில் முருங்கைக்காய் அவளுக்குத்தான் ஜாஸ்தி விழுந்தது.

மொத்தம் ஐந்து லைன். ஐந்து எண்கள். அவற்றைப் படமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் பக்கத்து சீட் இம்ரான் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “அஞ்சு பட்டை போடு ரேவதி. எது ஒசரம், எது குட்டைன்னு தெரிஞ்சிடும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

மத்தியானத்துக்குள் முடிகிற வேலையா? நான் கிரியேட்டிவ் டிசைனர் ஆயிற்றே!

படம் போடுவதற்கான கருவிகளைத் தேட ஆரம்பித்தேன். ஒன்று இரண்டல்ல, பத்தொன்பது. எதில் எத்தனை வகைப் படம் வரும், எது சுழலும், எது மின்னும், எதில் நிழல் விழும் என்று அத்தனைக்கும் ஒப்பீட்டு அட்டவணை போட்டு, நட்சத்திரம் போட்டு, கலர் அடித்தேன். (அந்த அட்டவணையையே ஃபேக்டரிக்கு அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பேன்.) அதில் இருபத்தேழு பத்திகள் இருந்தன. ‘இதைப் பார்க்கப் போகிறவர் யார்?’ என்ற பத்தி மட்டும் இல்லை. ‘வரப்போகும் எண்கள் எந்த லட்சணத்தில் இருக்கும்?’ என்ற பத்தியும் இல்லை.

இரண்டரை வாரம் கழித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு எண்ணும் ஒரு முப்பரிமாண உருண்டையாகக் கீழிருந்து மிதந்து வரும். பெரிய எண்ணுக்குப் பெரிய உருண்டை. தொட்டால் துள்ளும். 5, 9, 7, 11, 6 என்று நானே எண்களைக் கற்பனை செய்து போட்டுப் பார்த்தேன். பாயசத்தில் ஜவ்வரிசி மாதிரி அழகாக மிதந்தன.

இம்ரான் எட்டிப் பார்த்தான். “இன்னா ரேவதி, ஷூ கம்பெனிக்கா, சாட்டிலைட் கம்பெனிக்கா?”

“உனக்கு விஷுவல் சென்ஸ் கம்மி,” என்றேன்.

வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதி நேரில் வரும் நாள் வந்தது. முந்தின சாயங்காலம்தான் ஃபேக்டரியிலிருந்து உண்மையான எண்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் வந்திருந்தன. அதை அப்படியே கருவிக்குள் ஏற்றினேன். எண்களைப் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. உருண்டைகளின் சிவப்பு சரியான சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூர் ஃபேக்டரியின் மீட்டிங் அறையில் பெரிய டிவி. மேஜைக்கு ஒரு பக்கம் ஃபேக்டரி மேனேஜர் அன்வர் சார். எதிரே அந்த வெளிநாட்டு அம்மாள், நரைத்த குட்டை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக. பொத்தானை அழுத்தினேன். ஃபேக்டரி கம்ப்யூட்டரின் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. முதல் உருண்டை எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. அன்வர் சார் முகத்தில் பெருமை. நாலாவது எழுந்தது.

எழுந்தது நிற்கவில்லை, ஊதிக்கொண்டே போனது. மூன்றாவது லைனை விழுங்கியது, பிறகு இரண்டை, ஒன்றை, ஐந்தை. டிவி முழுக்க ஒரே சிவப்பு.

“அனிமேஷன் சார், அடங்கிடும்,” என்றேன்.

அடங்கவில்லை. நடுவில் எழுத்து வந்தது: லைன் 4, தினசரி ரிஜெக்ட் 45,385.

பதற்றத்தில் மூடப்போய் உருண்டையைத் தொட்டுவிட்டேன். அது சந்தோஷமாகத் துள்ளியது.

வெளிநாட்டு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகக் கேட்டாள்: “இந்த லைனில் நல்ல ஷூ ஏதாவது வருகிறதா?”

அன்வர் சாருக்கு ஏசியிலும் வேர்த்தது. “லைன் நாலு லீடரைக் கூப்பிடுங்க!” என்று வாசல் பக்கம் கத்தினார்.

ஏப்ரனைத் தட்டிக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள்.

“இன்னாடி இது?”

“நீதாங்க்கா,” என்றேன்.

“நாப்பத்தஞ்சாயிரமா? ஒரு நாளைக்கா?” அக்கா இடுப்பில் கை வைத்தாள். “அவ்ளோ அப்பருக்கு இந்த மாவட்டத்துல ஆடே பத்தாதேடி!”

அன்வர் சார் வேறு வழியில்லாமல் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. என் ஆட்டத்தில் ஆபீஸ் மானம் போவது இருக்கட்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரு தையல் விலகாமல் தைத்த அக்கா, நான் வரைந்த உருண்டைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள்.

“அழுவாத. நான் எழுதித் தந்த சீட்டு இருக்கும், அதைப் பாரு,” என்றாள் அக்கா.

ஃபைலிலிருந்து சீட்டை எடுத்தார்கள். தினசரி ரிஜெக்ட் என்ற இடத்தில் அக்கா கையெழுத்தில் ‘3-4’. மூன்று அல்லது நான்கு. ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். அதை அப்படியே டைப் செய்திருக்கிறார்கள். ஸ்ப்ரெட்ஷீட் அதை ஏப்ரல் மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தேதிகளை உள்ளுக்குள் ஒரு வரிசை எண்ணாகத்தான் வைத்திருக்கும். வெளியே தேதியாகத் தெரிந்தது, என் கருவிக்குள் போனதும் 45,385 ஆகிவிட்டது.

“அப்ப தேதியத்தான் தொங்க விட்டிருக்கியா?” என்றாள் அக்கா.

சரிசெய்யலாம் என்று மவுஸைத் தொட்டேன். துள்ளிக்கொண்டிருந்த உருண்டையோடு கம்ப்யூட்டர் உறைந்துபோயிற்று. அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அக்கா விறுவிறுவென்று வெளியே போனாள். ஒரு பிளாஸ்டிக் கூடையோடு திரும்பி வந்தாள். அந்த வாரம் ரிஜெக்ட் ஆன அப்பர்கள். மேஜைமேல் இருந்த பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தாள்.

“இது தையல் விலகுனது, நாலு. இது பசை வழிஞ்சது, மூணு.” மூன்றாவது அடுக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. “இது தோல்லயே கீறல். பதினாலு. இது எங்க கைக்கு வரும்போதே இப்டித்தான் வருது சார். சொன்னா யாரு கேக்குறீங்க?”

அந்த அம்மாள் எழுந்து வந்தாள். குனிந்து, அடுக்குகளைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். தைப்பதில் குறையில்லை, வெட்டுவதற்கு முன்பே தோலைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு வார்த்தை மொழிபெயர்ப்பு இல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்து மூன்று அடுக்கையும் படம் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இதை வெப்சைட்டில் போட முடியுமா?” என்றாள்.

இம்ரான் சொன்ன அதே பட்டைகள். ஃபேக்டரியில் தோல், எங்கள் ஆபீஸில் ஐந்து வரி புரோகிராம்.

சாயங்கால ரயிலில் அக்கா என் எதிரே உட்கார்ந்து பேசாமல் வந்தாள். வாணியம்பாடி வரை அந்த மௌனத்தில் நான் வெந்தேன். வண்டி அங்கிருந்து கிளம்பியதும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்க் கையைப் பிடித்தால், சிரிப்பு. “நான் கேக்குறேன், ‘இன்னாடி இது’ன்னு. நீ சொல்ற, ‘நீதாங்க்கா’ன்னு!” பக்கத்து சீட்டு ஆட்கள் எங்களையே பார்த்தார்கள். ஜோலார்பேட்டையில் இறங்கும்போது இருவருக்கும் வயிறு வலித்தது.

மறுநாள் இருப்பதிலேயே சாதாரணமான கருவியை எடுத்தேன். சுழலாது, மின்னாது. பழைய போனிலும் திறக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்தால், ‘இது எண் இல்லை, சரிபார்க்கவும்’ என்று சொல்லி நின்றுவிடும். மத்தியானத்துக்குள் முடிந்தது. இம்ரான் பிரியாணி வாங்கிக்கொடுக்கச் சொல்லி அதோடு விட்டுவிட்டான். சில வாரங்களில் ஆர்டர் வந்தது, ஆறாவது லைனும் வந்தது. இப்போது எந்த வேலை வந்தாலும் கருவியை நான் கடைசியில்தான் தேடுகிறேன். முதலில் பார்க்கப் போகிறவரோடு ஒரு டீ; பிறகு அவர்களுடைய எண்களை ஒவ்வொரு கட்டமாக, கண்ணால். சூப்பர்வைசர் அக்காவிடம் காட்டாமல் எந்தப் படமும் வெளியே போவதில்லை.

கல்யாணமாகி முதல் தடவை என் கணவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, அம்மா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, “மாப்ள, எத்தினி தோசை ஊத்தட்டும்?” என்று கேட்டாள்.

அவர் கூச்சத்தோடு, “மூணு நாலு போதுங்க அத்தை,” என்றார்.

“நாப்பத்தஞ்சாயிரம் ஊத்தும்மா!” என்று அக்கா உள்ளிருந்து கத்த, அப்பா புரையேறி இருமினார். என் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதுவரை நான் மறைத்து வைத்திருந்த கதை முழுவதும் அன்றைக்கு அவிழ்ந்தது.

இப்போதெல்லாம் அவர் எங்கள் வீட்டில் உஷார். அம்மா கரண்டியோடு வந்து நின்றால், “இப்போதைக்கு மூணுங்க அத்தை. நாலாவது வேணும்னா அப்புறம் தனியா கேட்டுக்கிறேன்,” என்கிறார்.