கம்ப்ரசர் அண்ணன் போட்ட போர்வெல்

வாயாலேயே பாறையை உடைக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லைன் வீட்டுக் கம்ப்ரசர் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தொழில், போர்வெல் ஏஜென்ட். பேச ஆரம்பித்தால் காற்று நிற்காது என்பதால் திருப்பூரே சேர்ந்து வைத்த பெயர் கம்ப்ரசர்.

அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவர். தொழிலை மாற்றினாரே தவிர, பாஷையை மாற்றவில்லை. மண்ணை அள்ளி, துணியை இழுக்கிற மாதிரியே விரலால் இழுத்துப் பார்ப்பார். இளகின மண் என்றால், "இது சிங்கிள் ஜெர்சிங்க, மெல்லிசுத் துணி, கைபோர் போதும்" என்பார். கெட்டி மண் என்றால் ரிப் துணி, அதற்குச் சுற்றித் துளைக்கும் ரோட்டரி வண்டி. பாறை என்றால் இரட்டைப் பின்னல் இன்டர்லாக், ஹேமர் வண்டி வந்து இடித்தால்தான் உண்டு. கேட்கிற விவசாயி, நாம் போர் போட வந்தோமா, டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்க வந்தோமா என்று முழிப்பார்.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில், குழிக்குள் இறக்கும் கேசிங் பைப்புக்கு அளவு சொன்னவர், துவைத்தால் சுருங்குமே என்ற பழைய ஞாபகத்தில் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பைப் தரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றது. தோட்டக்காரர் ஏணி போட்டு ஏறி மோட்டார் இறக்கினார். "ஒரு மழை பேயட்டுங்க, சுருங்கீரும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தாராம் இவர்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் எட்டுக் குடும்பத்தின் தலையெழுத்து மாட்டியது.

எட்டு வீடும் ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீட்டின் பழைய போர் வற்றிவிட்டது. வீட்டுக்காரம்மா வந்து வாசலில் நின்றார். "இன்னொரு குழிதானுங்க போடுவேன். தண்ணி வரலீன்னா எல்லாரும் காலி பண்ணிக்கோங்க. ஊட்டையெல்லாம் குடோனுக்கு உட்டுருவேனுங்க."

"நானாச்சுங்க!" என்று துண்டை உதறினார் கடைசி வீட்டுக் கம்ப்ரசர்.

மண்ணை இழுத்துப் பார்த்தார். "சிங்கிள் ஜெர்சியேதானுங்க. கைபோர்." நாலு ஆட்கள் பைப்பைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடாகச் சுற்றினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாறை தட்டியது. "அடியில லைனிங் குடுத்திருக்கான் பாருங்க!" என்று யாரையோ திட்டினார். அடுத்து அதே குழியில் ரோட்டரி. சந்தெல்லாம் சேறு. அதன் துளைக்கிற பிட் பாறை மேல் உட்கார்ந்து சுகமாகச் சுற்றியதே தவிர, ஒரு சாண் கீழே போகவில்லை.

"ஏனுங்கண்ணா, மொதல்லயே ஹேமர் வண்டியக் கூப்பிட்டிருக்கலாமல்லங்க?" என்றேன்.

"சாம்பிள் ஓட்டாம யாராச்சும் ப்ரொடக்‌ஷன் போவாங்களா தம்பி?"

மறுநாள் ஹேமர் வந்தது. பெரிய வண்டி சந்துக்குள் நுழையாது. சின்ன வண்டியை உள்ளே தள்ளி, காற்று கொடுக்கிற லாரியை மெயின் ரோட்டில் நிறுத்தி, ரப்பர் ஓஸை எங்கள் வாசல்கள் வழியாக இழுத்தார்கள். ஆரம்பித்தது இடி. பாறைத்தூள் புகையாகக் கிளம்பி, கொடியில் காய்ந்த வெள்ளைப் பனியன் அத்தனையையும் சாம்பல் நிறமாக்கியது. பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"கிரே மெலாஞ்ச் கலருங்க! எக்ஸ்போர்ட்ல இதுக்குத்தான் டிமாண்டு!" என்றார் கூசாமல்.

சாயங்காலம் வரை தூள்தான். சொட்டு ஈரம் இல்லை. "போதுமுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. கம்ப்ரசர் வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு ராடு ஆழம் எறக்கிப் பாத்தரலாமுங்க."

அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சரியென்று தலையாட்டினார். ராடு பாதி இறங்கியபோது தூள் நின்றது. குழிக்குள் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கலங்கல் தண்ணீர் மொட்டை மாடிக்கு மேலே பீய்ச்சி அடித்தது. சண்டைக்கு வந்தவர்களே அதில் நனைந்துகொண்டு குதித்தார்கள். "யாரும் காலி பண்ண வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் வீட்டுக்காரம்மா.

கம்ப்ரசர் ஈரம் சொட்டச் சொட்ட ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஊடு காலி பண்ண மாட்டீங்கதானுங்க?"

"மாட்டோமுங்கண்ணா."

"சாமான் ஏதாச்சும் கட்டி வெச்சிருந்தா அவுத்துருங்க. நீங்கெல்லாம் போயிட்டா நான் யாருகிட்டப் பேசறது?"

அப்படியே வாசலில் உட்கார்ந்து, கைபோர் போட்ட கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். தலை துவட்டத் துண்டைக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்ததுதான். இருந்தாலும் அவர் வாயால் கேட்க அவ்வளவு பிடித்திருந்தது.