பேரைச் சொன்ன பேய்

படிப்பைப் பாதியில் விட ஒரு துணிச்சல் வேண்டும். அது எனக்கு இருந்ததில்லை. படித்து முடிக்க ஓர் ஊக்கம் வேண்டும். அதுவும் இருந்ததில்லை. இரண்டும் இல்லாத பிள்ளைகள் தினமும் காலையில் குளித்து, சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்து, "போயிட்டு வாறேன்" என்று வாசலில் உரக்கச் சொல்லிவிட்டு, கல்லூரியைத் தவிர வேறு எங்காவது போவார்கள். நான் போன இடத்தில் பேய் இருந்தது.

எங்கள் ஊருக்குக் கொல்லயில் என்று பெயர், நெய்யாற்றின்கரைக்குப் பக்கம். நான் அப்போது பி.எஸ்ஸி. வேதியியல், மூன்றாம் செமஸ்டர். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது. காதல் தோல்வி இல்லை (தோற்பதற்குக் காதல் வேண்டுமே). வீட்டில் குறை ஒன்றும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இருக்கும், நான் இருக்கமாட்டேன். அவ்வளவுதான். அண்ணன் மட்டும் எதையோ மோப்பம் பிடித்து, கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நின்று "எழுந்திரு!" என்று கத்தும் வீடியோக்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே பார்த்தேன்.

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸும் ஒற்றசேகரமங்கலம் போகும் பஸ்ஸும் பக்கம் பக்கமாக நிற்கும். ஒரு திங்கட்கிழமை என் கால்கள் தப்பான பஸ்ஸில் ஏறின. நான் தடுக்கவில்லை. பெருங்கடவிளை தாண்டி, யாருமே இறங்காத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, யாருமே போகாத ஒரு வழியில் நடந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர். மழைக்காலமானதால் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள். காற்றே இல்லாதபோதும் அவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் படபடக்கும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

தோட்டத்தின் நடுவில் இளம் வயலெட்டு நிறத்தில் ஒரு மாடி வீடு. சொந்தக்காரர்கள் எல்லாரும் கனடாவில் என்று பிற்பாடு தெரிந்தது. முன்பக்கம் பெரிய பூட்டு. பின்பக்கம், சமையலறையை ஒட்டி, துணி துவைக்கவும் தேங்காய் துருவவும் கம்பி அடைத்துத் தகரக்கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் பக்கத்தில் வொர்க் ஏரியா என்று பெயர். அதன் கம்பிக் கதவில் பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துவைகல், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வெளிப்புறம் முழுக்கப் பச்சை வலை. நடுப்பகலிலும் உள்ளே சாயங்காலம்தான்.

வீட்டில் படிக்க முடியவில்லை, கல்லூரியில் படிக்க முடியவில்லை, இங்கே கண்டிப்பாகப் படிப்பேன் என்று சத்தியம் செய்துகொண்டு ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டேன் (வெளியே பார்த்தால் கவனம் சிதறுமாம்!). ரப்பர் தோட்டத்துக் கொசுக்கள் ஆளையே தூக்கிவிடும் என்பதால் பையிலிருந்த லேப் கோட்டை எடுத்துக் கழுத்துவரை பொத்தான் போட்டேன். மழையில் நனைந்த முடியை அவிழ்த்துக் காயவிட்டேன். பிறகு உரக்க வாசிக்கத் தொடங்கினேன். பென்சீன், டொலுயீன், நாப்தலீன், ஆந்த்ரசீன்.

பத்து நிமிடம் வாசிப்பேன். அதற்குப் பிறகு சுவரைப் பார்ப்பேன். பசித்தால் சாப்பிடுவேன். மறுபடியும் சுவர். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. ரப்பர் காய் வெடித்து விதை தகரத்தின்மேல் 'டப்' என்று விழும்போதெல்லாம் துள்ளி எழுவேன். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. நான் வாசிப்பதைப் பாதி வரியில் நிறுத்தினால், அந்த அமைதி சாதாரண அமைதியாக இருக்காது. யாரோ அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். சில நாள் அந்த உறுத்தல் தாங்காமலேயே வரியை முடித்துவைப்பேன். அந்த செமஸ்டரில் நான் படித்த வேதியியல் அவ்வளவும் அப்படிப் படித்ததுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் வைத்தபடி சொன்னாள், "பெருங்கடவிளைக்கு அங்கிட்டு ஒரு வீட்டுல ஆள் அனக்கம் உண்டாம். பூட்டிக் கெடக்க வீடு, பேயாக்கும்னு சொல்லுதாவ. அடுத்த பறம்புல ரோசம்மைன்னு ஒருத்தி, அவ நேருல பாத்தாளாம்."

அம்மா எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் முக்கியமான ஆள். அம்மா ஜெபிக்கத் தொடங்கினால் அடுத்த வார்டில் குழந்தைகள் எழுந்து உட்காரும். அதனால் இப்படிப்பட்ட சேதிகள் அவளைத் தேடி வரும்.

"எப்பிடியாக்கும் பேயி?" என்றான் அண்ணன்.

"வெள்ள உடுப்பு. முடிய விரிச்சுப் போட்டிருக்கும். சுவரப் பாத்து இருந்து என்னமோ முணுமுணுக்குமாம். தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. பின்ன அப்பிடியே அசையாம இருக்குமாம், ஜீவன் போனது மாதிரி."

கையிலெடுத்த மரச்சீனியைத் தட்டிலேயே வைத்தேன். "அம்மா, அந்த வீடு என்ன நெறம்?"

"இளம் வயலெட்டுன்னு சொன்னா. உனக்கு எதுக்கு?"

"சும்ம."

நான் வேதியியல் மாணவி. தடயங்களைக் கூட்டி முடிவுக்கு வரப் பயிற்சி பெற்றவள். வெள்ளை உடுப்பு, விரித்த முடி, புரியாத முணுமுணுப்பு, அசையாத உடல், வயலெட்டு வீடு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்து நான் வந்த முடிவு இதுதான்: ஐயோ, இத்தனை நாளும் நான் ஒரு பேயோடு உட்கார்ந்து படித்திருக்கிறேன்! (இவளுக்கு எப்படிப் படிப்பு ஏறும் என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது.)

மறுநாள் பயத்தில் நேராகக் கல்லூரிக்கே போய்விட்டேன். அங்கே இன்னொரு விதமான பயம். என் இடத்தில் வேறு யாரோ பை வைத்திருந்தாள். "நீ உண்டா? நின்னு போயிட்டியோன்னுல்லா நெனச்சோம்" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. மிஸ் வருகை எடுத்தபோது எனக்கு முன்னால் உள்ள பெயரைக் கூப்பிட்டார், பின்னால் உள்ள பெயரைக் கூப்பிட்டார், என் பெயர் வரவேயில்லை. கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை நானே இறக்கிக்கொண்டேன். துறைத் தலைவர் மட்டும் வராந்தாவில் என்னைக் கண்டுபிடித்து, "நாளை அம்மாவோடு வந்தால் போதும்" என்றார்.

பேயா, அம்மாவா? நான் பேயைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் நல்ல மழை. புதிய ஏற்பாட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கப் பயந்து, என்றைக்கும் இல்லாத சத்தத்தில் வாசித்தேன். மதியம் தாண்டியதும் மரங்களுக்கு நடுவிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பெண்கள் குரல். மெல்ல மெல்ல நெருங்கியது. அதில் ஒரு குரல் மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு முன்னால் வந்தது. அந்தக் குரலில்தான் நான் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தேன்.

ஓட வழியில்லை. உள்கதவில் பூட்டு, வெளிக்கதவில் அம்மா. தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். பச்சை வலைக்கு வெளியே ஏழெட்டுக் குடைகள் வந்து நின்றன. இருட்டில் என் வெள்ளைக் கோட்டு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், யாரோ "கர்த்தாவே!" என்று அலறினார்கள். பாட்டு நின்றது. அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"யாரானாலும் பேரச் சொல்லு!"

பால் சட்டியைத் தட்டிவிட்டது யார், மாவில் கை வைத்தது யார் என்று சின்ன வயதிலிருந்து என்னைக் கேட்ட குரல் அது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியாது.

"லிஜி" என்றேன்.



"ஏது லிஜி?"

"அம்மா, நானாக்கும்."

"சீ! அந்தப் பேரச் சொல்லாத!" என்றாள் அம்மா. "எனக்க பிள்ள காலேஜில இருந்து படிக்கா. அவளுக்க சத்தத்த எடுத்து எனக்கிட்டயே பேசுதியா?"

"அம்மா, சத்தியமா நானாக்கும்!"

"பொய்! பொய்! எனக்க பிள்ள படிக்கா!"

அதை அவள் சொன்ன உறுதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று கல்லூரியில் நான் இல்லை. இன்று அம்மாவின் கண்முன்னாலும் நான் இல்லை. அம்மா சொல்லும் லிஜி எங்கோ முன்வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் இந்தத் தொட்டிக்குப் பின்னால் ஈரத் தலையோடு குந்தியிருப்பது யார்? கையைக் கிள்ளிப் பார்த்தேன். குளிரில் அதுவும் சரியாக வலிக்கவில்லை.

"நிங்க பாருங்கோ," என்றாள் அம்மா மற்றவர்களிடம். "இப்பமே எனக்க பிள்ளைக்கு போன் பண்ணுதேன். அவ எடுப்பா."

என் போனில் மணியோசையை முந்தின நாள்தான் அண்ணன் விளையாட்டுக்கு மாற்றி வைத்திருந்தான். கைக்குழந்தை ஒன்று கெக்கெக்கென்று சிரிக்கும் ஓசை. அந்த இருட்டில், தகரக்கூரையின் கீழ், அது சிரித்தது.

குடைகள் பறந்தன. ஜெபக்குழு அவ்வளவு வேகமாக ஓடும் என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. ஒரு செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மா மட்டும் காதில் போனை வைத்தபடி நின்றாள். அழைப்பை நிறுத்தினாள். சிரிப்பு நின்றது. மறுபடியும் அழைத்தாள். மறுபடியும் சிரித்தது. பிறகு கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"நனைஞ்சிருக்கியே, பிள்ளே" என்றாள். அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடியவர்களில் ஒருவரான அடுத்த தோட்டத்து ரோசம்மை மாமி ஒரு தடியோடு திரும்பி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவதான். இந்த உடுப்புதான்," என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "மத்தவ எங்க?" என்று கேட்டார்.

"ஏது மத்தவ?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருல்லா உண்டாயிருந்தாவ. இவ இருந்து வாசிப்பா. மத்தவ பக்கத்துல இருந்து கேப்பா. இவ நிறுத்தினா, அவ இவளுக்க மொகத்தயே பாத்துட்டு இருப்பா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இரண்டாவது நாற்காலியைப் பார்த்தேன்.  மழையோடு மழையாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

பஸ்ஸில் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "காலேஜில யாரும் ஒன்ன ஒண்ணும் சொன்னாவளா?"

"இல்ல."

"பின்ன?"

"தெரியல்லம்மா. படிக்கத் தோணல்ல. ஒண்ணுமே தோணல்ல."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ ஜெபம் பண்ணுவே."

"அதுக்காச்சுட்டி பேயா போவியா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வருகை போதாமல் அந்த செமஸ்டரைப் பின்னால் வந்த பிள்ளைகளோடு மறுபடியும் படித்தேன். அம்மா தினமும் சாயங்காலம் உரிக்க உள்ளியையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

"வாசி. நான் கேக்கேன்."

"ஒனக்கு மனசிலாவாதும்மா."

"மத்தவளுக்கு மட்டும் மனசிலாச்சா?"

இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை வந்துவிடும். ஆனால் நான் நிறுத்தினால் உடனே விழித்து, "பின்ன?" என்பாள். நாப்தலீன் என்றால் துணிப்பெட்டியில் போடும் உருண்டை என்று தெரிந்த நாளில் அவளுக்கு ஒரே பெருமை. எனக்கு ஊக்கம் என்ற ஒன்று கடைசிவரை வந்ததாக ஞாபகம் இல்லை. அம்மா தினமும் வந்தாள். ஒரே ஒரு சப்ளியோடு (மறுதேர்வுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) கரையேறி, இன்று ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையும் பார்க்கிறேன்.

அண்ணன் மட்டும் விடவில்லை. ரிசல்ட் வந்த அன்று, "நீ பாசு, மத்தவ?" என்றான். நான் தனியாக எங்கே கிளம்பினாலும் "ரெண்டு டிக்கெட்டா?" என்பான். என் கல்யாண மேடையில் போட்டோக்காரரிடம், "அண்ணே, பொண்ணுக்கு எடது பக்கம் கொஞ்சம் எடம் விடுங்க, மத்தவளும் நிக்கட்டு" என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இப்போதும் இருக்கிறது. வலப்பக்கம் என் கணவர், இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலி இடம். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அது என்ன என்று கேட்பார்கள். அண்ணன் முதலிலிருந்து கதையைத் தொடங்குவான்.

ஆனால் ஒன்றை அவன் சொல்லமாட்டான். அன்று ரோசம்மை மாமியும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மேடையேறி என் கையைப் பிடித்து, "நல்லா இரி மக்கா" என்று வாழ்த்தினார். பிறகு என் இடப்பக்கம் திரும்பி, அங்கேயும் ஒருமுறை கையை நீட்டி, "சுகமா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைத்தவர்போல் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.