தையலுக்கு விட்டுச் செய்த சோபா

அன்பும் மரியாதையும் கலந்த மைத்துனருக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தையல் மிஷினும் சௌக்கியம். வலது கட்டைவிரல் மட்டும் அவ்வளவு சௌக்கியம் இல்லை, காரணம் கீழே வரும். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும், முக்கியமாகத் தங்கள் அக்காவும், சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன். அக்காவின் கோபம் சௌக்கியமாக இருக்கிறதா, இல்லை கொஞ்சமாவது மெலிந்திருக்கிறதா என்பதையும் தெரியப்படுத்தினால் நன்றாயிருக்கும்.

நிற்க. அக்கா வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகச் சொன்னால், எதையாவது சொல்லி இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிறுத்தி வைக்கவும். தங்களுக்கு முதுகு வலி என்று சொல்லலாம், அவள் நம்புவாள், தங்கள் முதுகைப் பற்றி அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. அத்துடன், தோட்டத்தில் கிளை வெட்டத் தாங்கள் வைத்திருக்கும் பெரிய ரம்பத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பவும். அக்காவை நிறுத்தச் சொல்கிறான், ரம்பமும் கேட்கிறானே என்று பயந்துவிட வேண்டாம், ரம்பம் மரத்துக்குத்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் தங்கள் வீட்டில் யார் போன் அடித்தாலும் முதலில் எடுப்பது அவள். அதனால்தான் தங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தையல் கடையை மூடியது தாங்கள் அறிந்ததே. கண் ஒத்துழைக்கவில்லை, ஊசியில் நூல் கோப்பதற்குள் வாடிக்கையாளர் ஒரு சுற்று பெருத்துவிடுகிறார். மிஷினை மட்டும் விற்க மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் சுவரைப் பார்க்கப் போட்டேன். வேலை இருக்கிறதோ இல்லையோ, காலையில் அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் எனக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அக்கா பின்னாலிருந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள், நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். என் வரையில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள், தம்பி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று பையை எடுத்தாள். பஸ் ஏறும்போது படியில் நின்று சொன்னாள்: "நான் திரும்பி வர்றப்ப வாசல்ல உட்கார ஒரு இடம் இருக்கணும். இல்லேன்னா தம்பி வீட்டுலயே இருந்துக்கறேன். அங்க பேசினா திரும்பிப் பார்க்கிற முகமாவது இருக்கு." பஸ் போய்விட்டது. நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். வாசலில் உட்கார இடம் வேண்டும் என்பது புரிந்தது. தங்கள் வீட்டில் முகங்கள் இருப்பதும் புரிந்தது. இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இன்றுவரை எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்தவரை செய்துவிடுவோம் என்று சோபா வாங்கக் கிளம்பினேன். கடையில் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, எழுத்து சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே விலைதான்.

இங்கேதான் நம் மாடியில் குடியிருக்கும் டிரைவிங் மாஸ்டர் உள்ளே நுழைகிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளிய மனிதர், அடுத்தவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வது அவர் ரத்தத்தில் ஊறியது. தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். அதில் ஒரு ஆள், சரக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கும் மரத்தட்டு இருக்கிறதே, கிடங்குகளில் வேண்டாமென்று குவித்து வைத்திருப்பார்கள், அதில் ரெண்டைப் பிரித்து, நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சோபா செய்து அதில் உட்கார்ந்து சிரிக்கிறான். செலவே இல்லை என்கிறான். ஒரு ஆணி வளையவில்லை, ஒரு தடவை விரலை உதறவில்லை, என்ன பிறவியோ. மரம் என்ன, கனமான துணி, அவ்வளவுதானே என்று நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மரத்தட்டு கிடைத்தது உண்மை. பேப்பர் கிடங்கு காவலாளி, எடுத்துக்கிட்டுப் போனா எனக்கு இடம் மிச்சம் என்று சும்மாவே கொடுத்தார். ஆனா அதைப் பிரிக்கிறது இருக்கே, அது அந்த வீடியோவில் ஒரு நொடிதான் வந்தது, இங்க ரெண்டு முழு நாள் எடுத்தது, ஏன்னா மரத்தட்டு செய்தவன் அது என்றைக்கும் பிரியக்கூடாதுன்னு சபதம் போட்டு ஆணி அடிச்சிருக்கான். என் கட்டைவிரல் போனது அங்கதான், என் ரம்பத்தோட பல் போனதும் அங்கதான். பலகைங்களும் முழுசா வரல, துண்டு துண்டாத்தான் வந்தது. நான் கலங்கல. துண்டுத்துணியைச் சேர்த்துச் சட்டை தைச்சவனுக்குத் துண்டுப்பலகை எம்மாத்திரம்?

அடுத்து அளவு. வாடிக்கையாளர் நேர்ல வர முடியலேன்னா என்ன செய்வோம், பழைய சட்டை ஒண்ணைக் கொடுத்தனுப்பச் சொல்லி அதை வெச்சு அளவெடுப்போம். அக்கா ஊர்ல இல்ல. அதனால சமையலறையில அவ எப்பவும் உட்கார்ற நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, அதுக்கு அகலம், உயரம், முதுகு எல்லாம் டேப் போட்டு அளந்து, தையல் சாக்பீஸாலயே பலகையில கோடு போட்டேன். என் கோட்டுல பிசகே கிடையாதுன்னு தங்களுக்குத் தெரியும், தங்கள் கல்யாணக் கோட்டும் நான் தைச்சதுதானே. சாஸ்திரப்படி எல்லாம் செஞ்சேன் மாப்பிள்ளே. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு பக்கமும், உள்ள மடிச்சுத் தைக்கிறதுக்குன்னு, அளவுக்கு மேல தையலுக்கு விட்டேன். பின்னாடி உடம்பு கொஞ்சம் பூசினா பிரிச்சு விட்டுக்கலாம்னு அதுக்கு மேலயும் கொஞ்சம் விட்டேன். அப்புறம் துண்டுங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பின்னால சட்டம் கொடுத்து அடிச்சுச் சேர்த்தேன். சேர்த்து முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, சோபா வாசக்கதவுல ஆரம்பிச்சு கேட்டு வரைக்கும் போற மாதிரி நிக்குது. எனக்கு ஒண்ணுமே ஓடல. மறுபடி அளந்தேன், என் அளவு சரியாத்தான் இருக்கு, சோபாதான் தப்பா இருக்கு. டிரைவிங் மாஸ்டர்தான் மேலயிருந்து எட்டிப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டார், "தையலுக்கு விட்டது சரி, அதை எங்க மடிச்சீங்க?" நான் மடிக்கல. மரம் மடியாதுன்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு. துண்டுக்குத் துண்டு விட்டதெல்லாம் ஒண்ணுகூட உள்ள போகாம, வரிசையா வெளிய நின்னு சேர்ந்திருக்கு.

கைப்பிடிக் கதை தனி. துணின்னா இரட்டையா மடிச்சு ஒரே வெட்டுல ரெண்டு கையும் எடுப்போம், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ள பார்த்த மாதிரி. பலகைக்கு எது நல்ல பக்கம்னு யார் பார்த்தாங்க, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வெட்டிட்டேன். மாட்டினப்புறம் பார்த்தா ஒரு கைப்பிடி வழவழன்னு இருக்கு, இன்னொண்ணுல கிடங்குக்காரன் அச்சடிச்ச "தலைகீழாக வைக்காதீர்" வெளியே பார்த்துக்கிட்டு இருக்கு. அதுகூடப் போகட்டும், தலைகீழா யார் உட்காரப் போறாங்க. முதுகுப் பலகையில கொட்டை எழுத்துல என்ன இருந்ததுன்னு நெனைக்கிறீங்க? "இதன் மேல் அதிக பாரம் ஏற்றாதீர்." உங்க அக்கா வந்து அதைப் பார்த்தா, கிடங்குக்காரன் எழுதினதுன்னு நம்புவாளா, நான் எழுதினேன்னு சொல்லுவாளா? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மரம்தான் வெளுத்தது, எழுத்து முன்னைவிடத் தெளிவாத் தெரியுது.

அப்புறம் போட்டுப் பார்க்கிற கட்டம். எந்த உடுப்பும் முதல்ல கச்சாவா ஓட்டி, போட்டுப் பார்த்து, பிறகுதான் அழுத்தித் தைப்போம். அதே மாதிரி சின்ன ஆணிங்களைப் பாதி மட்டும் அடிச்சு நிறுத்தியிருந்தேன். உட்கார்ந்து பார்க்க ஆள் வேணும், டிரைவிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். இது கச்சாங்கறதை முன்கூட்டியே சொல்லியிருக்கணும். அவர் உட்கார்ந்தார், சோபா சத்தமில்லாம ரெண்டு பக்கமும் விரிஞ்சு படுத்துச்சு, அவரும் அதோட படுத்தார். விழுற வரைக்கும் அவர் கால் தரையில பிரேக்கைத் தேடித் தேடி மிதிச்சதைப் பார்க்கணுமே, எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. எழுந்து தூசியைத் தட்டிட்டு, "கிளட்ச் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டார். ரெண்டு நாள் பேசல. இப்ப எல்லா ஆணியையும் பெருசா மாத்தி அழுத்தி அடிச்சாச்சு, நானே மேல ஏறி நின்னு பார்த்துட்டேன், அசையல.

மெத்தை விஷயத்துல மட்டும் யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. குடைத்துணியில நாலு ஓரமும் உள்ள கயிறு கொடுத்து பைப்பிங் வெச்சு, பின்னால பொத்தான் வெச்சு, பக்கவாட்டுல அக்கா கண்ணாடி வெச்சுக்க ஒரு பாக்கெட்டும் வெச்சிருக்கேன். மழைக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சு, சோபா மொத்தத்துக்கும் ஒரு ரெயின்கோட் தைச்சேன். கைப்பிடிக்குக் கை இருக்கு, முதுகுக்குக் காலர் இருக்கு, தலைப்பாகம் சும்மா தொங்க வேணாம்னு ஒரு தொப்பியும் வந்துடுச்சு, கை தானா தைச்சுடுச்சு, நான் என்ன பண்றது. நேத்து சாயங்காலம் மழைத்தூறல்ல தபால்காரர் வந்து, வாசல்ல உட்கார்ந்திருந்த ரெயின்கோட்டுக்கு வணக்கம் சொல்லி, பதில் வராம, என்ன சார் மரியாதையே இல்லையேன்னு மனசு வருத்தப்பட்டுட்டுப் போனார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். வெளிய வந்து அது நான் இல்ல, சோபான்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இப்ப இருக்கிற சிக்கல் ஒண்ணே ஒண்ணு. அக்காவுக்குன்னு அளவெடுத்த சோபா, அவ உட்கார்ந்தாலும் பக்கத்துல பாதி சோபா காலியாக் கிடக்கும். அளவெடுத்துத் தைக்கிறவன் வீட்டுல, உடம்புக்குப் பொருந்தாத ஒண்ணை வெச்சு அவளை உட்காரச் சொன்னா அவ என்ன நெனைப்பா? இவ்வளவு வருஷத்துல என் அளவுகூட இவருக்குத் தெரியலேன்னுதானே? டிரைவிங் மாஸ்டரும் மாடியிலயிருந்தபடியே, உபரியை வெட்டி எறிங்கன்னுதான் சொல்றார். அதுக்குத்தான் ரம்பம். அதுக்குத்தான் அந்த ஒரு வாரம்.

உள்ளதைச் சொல்லிடறேன். வீடு நல்லாவே இல்ல மாப்பிள்ளே. முந்தாநாள் மத்தியானம் மிஷின் முன்னால உட்கார்ந்திருந்தவன் பழக்கத்துல "உம்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான், யாரும் எதுவும் பேசலையேன்னு தோணுச்சு. திரும்பிப் பார்த்தேன். சமையலறையில அந்த நாற்காலியும் இல்ல, அளவெடுக்கத் தூக்கிட்டு வந்தது வாசல்லயே கிடக்கு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ உங்க வீட்டுலயே தங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அதனால கோணலா ஒண்ணைக் காட்டி அவளைத் திருப்பி அனுப்பிடக் கூடாது, பெரிய மனசு பண்ணி அந்த ரம்பத்தை அனுப்புங்க.

தங்கள் துணைவியாருக்கு என் மரியாதை. பிள்ளைகள் படிப்பிலும் உயரத்திலும் வளர என் ஆசிகள், உயரம் கூடியிருந்தால் பேன்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், உள்ளே நிறைய விட்டுத்தான் தைத்திருக்கிறேன். தங்கள் முதுகு உண்மையிலேயே வலிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலனையும் ரம்பத்தையும் எதிர்பார்க்கும்,
அக்காவின் கணவன்

பின்குறிப்பு: கவருக்குள் வைக்கப் போகும்போது வாசல் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருப்புக் கொள்ளவில்லையாம், தாங்கள் தினமும் சாப்பிட்டதும் போனைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறீர்களாம், அங்கேயும் முகம் ஒன்றும் பெரிதாகத் திரும்பவில்லையாம். நான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். அவள் ரெயின்கோட்டைக் கழற்றினாள், முதுகில் இருந்ததைப் படித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்த எழுத்து மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். சோபா அசையவில்லை. உபரியைக் கையால் தட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். உன் நாற்காலிக்கு அளவெடுத்தேன், தையலுக்கு விட்டது அதிகமாகிவிட்டது, வெட்டிவிடுகிறேன் என்றேன். "எனக்கு உட்கார நாற்காலிதான் ஏற்கெனவே இருக்கே. உங்க அளவை ஏன் எடுக்கல?" என்றாள். என் அளவை யாரும் எடுத்ததில்லை மாப்பிள்ளே, எனக்கே தோன்றவில்லை. உட்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். அவள் தங்கள் வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள், நான் உம் கொட்டினேன், முகத்தைப் பார்த்துக் கொட்டினேன். இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, எழுதினது எழுதினதாகவே போகட்டும், அவனும் படிக்கட்டும் என்கிறாள். அதனால் அனுப்புகிறேன். ரம்பம் வேண்டாம். உட்கார்ந்து பார்த்தபிறகு, வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.