அகத்திக்குப் பயந்த மூட்டுவலி

இனி இந்த ஜென்மத்தில் அகத்திக்கீரையைத் தொடுவதில்லை என்று மணமேல்குடி வீரய்யா சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லை.

கிணற்றடியில் நின்ற அகத்தி அவர் சம்சாரம் சொர்ணவல்லி வைத்தது. உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்கும் காய்க்கும் ஊரே அலைந்தபோது அதுதான் வீட்டுச் சட்டியை நிரப்பியது. நன்றிகெட்டவன் என்று பேர் வாங்க அவருக்கு மனசில்லை. ஆனால் நாக்குக்கு நன்றி தெரியுமா? இன்று பொரியல், நாளை அரிசி கழுவிய நீரில் மண்டி, மறுநாள் சாறு. சண்டை முடிந்தும் கீரை முடியவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டார். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அகத்தி ஆகாது, மருந்தை முறித்துவிடும். இது ஊரறிந்த சங்கதி. வைத்தியர் மலையாண்டியிடம் போய், இல்லாத மூட்டுவலிக்கு ஒரு சூரணம் வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே வீடு வந்தார்.

"மருந்து சாப்பிடுறேன் புள்ள. இனிமே அகத்தி ஆகாது."

"மொதல்லயே சொல்லப்படாதாங்க? ஒங்களுக்கு வைக்கவே மாட்டேன்."

எவ்வளவு நல்லவள் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அன்று கட்டுமாவடிக் கூடைக்காரி நல்ல கொடுவா மீன் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். குழம்பு வாசம் தெருமுனை வரை வந்தது. வீரய்யா ஆவலோடு வட்டில் முன்னால் உட்கார்ந்தார். விழுந்தது கஞ்சி.

"மீனு எங்க?"

"மருந்துன்னா பத்தியம் இல்லாமயா? மீனு, புளி, கத்திரிக்கா ஒண்ணும் ஆகாதுங்க. உப்பைக்கூட வறுத்துத்தான் போட்டிருக்கேன்."

"வைத்தியரு அப்படிச் சொல்லலையே."

"ஒங்ககிட்டச் சொன்னா எங்கிட்ட வந்து சொல்லவா போறீங்க? நானே அங்கிட்டுப் போயிக் கேட்டுட்டு வந்துட்டேன்."

மீனை அவளும், விருந்துக்கு வந்த அவள் தம்பி ராக்கனும் சாப்பிட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கஞ்சியாவது கிடைக்கிறதே என்று வீரய்யா தேற்றிக்கொண்டார்.

பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகம் வாடும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இத்தனை பாடும். ஆனால் ஒரு வாரம் கஞ்சி குடித்த வயிறு பாசம் பார்க்கவில்லை.

"சொர்ணம், வலி விட்டுப்போச்சு. மருந்த நிறுத்திட்டேன். இனிமே பத்தியம் வேண்டாம்ல?"

"வேண்டவே வேண்டாங்க," என்றாள் அவள் சந்தோஷமாக.

மறுநாள் மத்தியானம் வட்டில் நிறைய அகத்திக்கீரை விழுந்தது. வீரய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒடம்புல தங்குன மருந்து முறியணும்ல," என்றாள் சொர்ணவல்லி. "ஒரு மண்டலம் சாப்பிட்டாப் போதுங்க."