பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மானிட்டர்கள்

"தூக்கிப் போடு" என்று சொல்கிறோமே தவிர, எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பொருள் நம் வாசலைத் தாண்டிவிட்டால் அது உலகத்தை விட்டே போய்விட்டதாக ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அது உடைந்த சத்தத்தை ஒரு ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் நிர்வாகப் பிரிவு. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏசி ஓடவில்லை, கேன் தண்ணீர் வரவில்லை, பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்றால் "மாலதி மேடம்!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு ஓடுவதுதான் நிர்வாகம்.

சேர்ந்த புதிதில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு. கம்பெனிச் சாமான்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். மேலே கம்பெனி பெயர். கீழே கொட்டை எழுத்தில் "பொறுப்பு: மாலதி" என்று என் பெயரும் மொபைல் நம்பரும். (டீ பிளாஸ்க்கைக்கூட விடவில்லை. வாட்ச்மேன் கொஞ்சம் அசந்திருந்தால் அவர் முதுகிலும் ஒன்று ஏறியிருக்கும்.)

மாடியில் ஒரு அறை முழுக்கப் பழைய சாமான். பின்பக்கம் புடைத்த டப்பா மானிட்டர்கள், செத்துப்போன பிரிண்டர்கள், காலியான டோனர்கள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக எரியாத டியூப்லைட்கள். எங்கள் எம்.டி. அதிகம் பேசமாட்டார். "சுற்றுச்சூழல் தினத்துக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணிடும்மா. முறையா அனுப்பு" என்றார்.

நான் உட்கார்ந்து படித்தேன். மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டால், வண்டி வர நாளாகும் என்றார்கள். சுற்றுச்சூழல் தின விழாவோ நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து குட்டி யானை வண்டியோடு ஒருவர் வந்து நின்றார். அவருடைய விசிட்டிங் கார்டில் பச்சை இலைப் படம்.

"எல்லாம் முறையாத்தானே போகும்?" என்றேன்.

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? பத்திரமா போய்ச் சேந்துடும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கார்டில்தான் இலை இருந்ததே!

காலியான அறையைப் பார்த்த எம்.டி.க்குப் பரம சந்தோஷம். விழாவில் என்னையே பேசச் சொல்லிவிட்டார். பச்சைப் பட்டுப்புடவையில் போனேன் (தலைப்புக்குப் பொருத்தமாம்). என் மொபைலில் இருந்த ஒரு வீடியோவைக் காட்டுவதற்காக அதை ஹால் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். முன்வரிசையில் எம்.டி., அவருக்குப் பக்கத்தில் எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் இருவர்.

"நாம் வீசும் பொருள் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபடியே ஒரு இடைவெளி விட்டேன்.

அந்த இடைவெளியில் போன் அடித்தது. பதற்றத்தில் சிவப்பைத் தொடுவதற்குப் பதிலாகப் பச்சையைத் தொட்டுவிட்டேன்.

"அலோ! மாலதியா?" ஹாலின் நான்கு மூலையிலிருந்தும் ஒரு பெண் குரல். "நான் வெள்ளானூர்லேர்ந்து தனலட்சுமி பேசறேன். இன்னாமா, உங்க கம்பெனி பொட்டிலாம் எங்க ஊட்டு பின்னால கொட்டிகினு பூட்டானுங்க? உன் பேரும் நம்பரும் இம்மாம் பெருசா போட்டுகீது!"

"ராங் நம்பர்" என்றேன், மைக்கில்.

"இன்னா ராங் நம்பரு? பொறுப்பு மாலதின்னு எழுதிக்கீது. டியூப்லைட்டுலாம் நொறுங்கிக் கெடக்குது. எம்பொண்ணு அத்த கத்தியாட்டம் புட்சிகினு ஆடிட்டுக் கீறா. வந்து எட்த்துனு போமா!"

ஹாலில் சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தக் கடைசி வரி அப்போதுதான் மண்டையில் ஏறியது. பாதரசம் பற்றி எழுதி வைத்திருந்த தாள் என் கையிலேயே இருந்தது.

"அக்கா, முதல்ல பாப்பாவை அங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க. கையைக் கழுவி விடுங்க. யாரையும் கிட்ட விடாதீங்க. நான் வர்றேன்" என்று ஸ்பீக்கர் அதிரக் கத்தினேன். அன்றைய உரையில் உருப்படியாக நான் பேசியது அதுதான்.

எம்.டி. எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வேனை எடுக்கச் சொல்லு. கையுறை, மாஸ்க் எல்லாம் ஏத்து" என்றார். வேனில் என்னோடு அவரும் ஏறிக்கொண்டார். ஆவடி தாண்டும்வரை என் உரைத்தாளை வாங்கிப் படித்துக்கொண்டு வந்தார். (திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.)

தனலட்சுமி வீட்டுக்குப் பின்னால் காலி மனை. செம்புக் கம்பி, இரும்பு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார் இலைக்காரர். ஓடு ஓடாகக் கிடந்த மானிட்டர்களின் மேல் என் பெயர் வெயிலில் பளபளத்தது. டோனர் தூள் கறுப்பாகப் படிந்த புல்லை ஒரு ஆடு முகர்ந்துகொண்டிருந்தது.

தனலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். அவர் இடுப்பில் இருந்த குழந்தை என் புடவையையே பார்த்தது. கையில் கீறல் இல்லை. இருந்தும் எம்.டி. வேனைக் கொடுத்து, இருவரையும் ஆவடியில் டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தேன். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் காற்றில் கிளம்பும் என்பதால், அட்டையால் மெல்ல ஒதுக்கி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாக்களில் அடைத்தோம். எம்.டி. எதிரில் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார். மேலே படிந்த மண்ணையும் சுரண்டி மூட்டை கட்டினோம்.

நான் தனலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பக்கத்து மனையைக் காட்டினார். அங்கேயும் குவியல்கள்; எதிலும் ஸ்டிக்கர் இல்லை.

"நீயாவது பேர் போட்டுகீற, கூப்ட்டேன், வந்த. பேர் போடாம கொட்றவன நான் எங்க போய்த் தேட்றது?"

அந்தக் குவியல்களையும் சேர்த்தே அள்ளினோம். அவை யாருடையவை என்று எம்.டி. கேட்கவில்லை.

இந்த முறை அனுமதி பெற்ற நிறுவனத்தின் வண்டி வரும்வரை காத்திருந்தோம். வண்டியோடு நானும் போனேன். மானிட்டரைப் பிரித்து, கண்ணாடி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று போவதை நின்று பார்த்தேன். அங்கிருந்தவர்கள் டீ கொடுத்து, "கிளம்பலாம் மேடம்" என்று ஜாடையாகச் சொன்ன பிறகும் நின்றேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வியாதி. யார் வீட்டிலாவது தீர்ந்துபோன பேட்டரியைக் குப்பைக்கூடையில் போடப் பார்த்தால் கை தானாக நீளும், "இங்க கொடுங்க, நான் சேர்க்கிற இடத்துல சேர்த்துடறேன்." உறவுக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வானகரத்தில் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றி முடித்ததும் பெரியம்மா, சித்தி, ஓரகத்தி என்று வரிசையாக வந்து என் கையில் பழைய பேட்டரியும் சார்ஜரும் எட்டிப்பார்க்கும் பையை ஆளுக்கொன்றாகத் திணித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்:

"அவங்களுக்கு மட்டும் எல்லாரும் சீர் செய்றாங்களே, அது என்ன முறைங்க?"

"அது எங்க வீட்டு வழக்கம் சம்பந்தியம்மா" என்றார் என் கணவர், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரும் முறை தவறாமல் எனக்குச் சீர் வைத்தார்கள். வெள்ளித்தட்டில் பழம், பூ, மஞ்சள், குங்குமம். நடுவில், ரிப்பன் கட்டிய ஒரு பழைய மிக்ஸி.